கொட்டுறது யாரு?

எங்க வீட்டுக்குத் தூசி உறிஞ்சுற கைமிஷின் ஒன்னு வாங்கினோம். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். தோழர்கள் சிரிக்கலாம். பஞ்சமி நிலம், கூலி, கோயில் நுழைவு என்று எழுத வேண்டியது இத்தனை கிடக்கும்போது இவன் வாக்குவம் கிளீனரைப் பற்றி எழுத வந்துட்டானே என்று கேட்கலாம். கேட்கட்டும். சீமாறு பிடித்துப் பிழைத்த குடும்பத்துக்குள் ஒரு மிஷின் வருவது சின்ன விஷயம் இல்லை.

எடப்பாடியில் தறிகளுக்கு நடுவில்தான் எங்கள் வீடு. இந்த ஊர்க் குழந்தைகள் தறிச் சத்தம் கேட்டால்தான் தூங்கும். சத்தம் நின்றுவிட்டால் கரண்டு போயிருச்சுன்னு முழிச்சுக்கும். அண்ணன் ஒரு பட்டறையில் தறி ஓட்டுகிறார். முன்பணம் வாங்கியிருக்கிறார். அது கழிகிற வரைக்கும் அந்தப் பட்டறைதான். அண்ணி வீட்டிலேயே தார் போடுகிறார். ஊடை நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுக்கிற வேலை அது. சின்ன மோட்டார் வைத்த மிஷின் திண்ணையை ஒட்டிய அறையில் ஓடிக்கொண்டே இருக்கும். அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா, நான். ஆறு பேருக்கு இரண்டு அறை.

அந்த இரண்டு அறையிலும் பஞ்சுதான். மின்விசிறி இறக்கையில் பஞ்சு. அம்பேத்கர் படத்துக் கண்ணாடியில் பஞ்சு. சோத்துச் சட்டியைத் திறந்தால் மூடியில் பஞ்சு. தூங்கி எழுந்த பிள்ளைகளின் கண்ணிமையில்கூட ஒட்டியிருக்கும். அண்ணன் வேலை முடிந்து வரும்போது தலையில் நரை விழுந்த கிழவன் மாதிரி வருவார். தலையைத் துவட்டினால் மறுபடியும் இளந்தாரி. என் பங்கும் குறைவில்லை. எம்.ஏ. படித்த காலத்துப் புத்தகங்கள், கட்டுக் கட்டாகச் சிறுபத்திரிகைகள், மிச்சமான துண்டறிக்கைகள், சுருட்டி வைத்த பேனர்கள். பறக்கிற பஞ்சுக்கு இதைவிட நல்ல கூடு கிடைக்காது.

இவ்வளவையும் கூட்டி வந்தது அம்மா. பக்கத்து ஊர் ஒன்றில் இருபத்தெட்டு வருசம் தெருக் கூட்டியவர். விடியக்காலை நாலரை மணிக்குப் போய் மேஸ்திரி முன்னால் நின்று கைநாட்டு வைத்துவிட்டு, மூன்று தெருவைக் கூட்டி, சாக்கடை தோண்டி, அள்ளிப் போட்டுவிட்டு வந்து, அப்புறம் நம்ம வீட்டைக் கூட்டுவார். வேலையிலிருந்து நின்ற பிறகும் இந்த இரண்டாவது வேலைக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

போன வருசம் மழைக்காலத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் முடியவில்லை. ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கிடந்தார். டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்த்தார், ஊதச் சொன்னார், படம் எடுத்தார். "இத்தன வருசத் தூசிங்க. இனிமே தூசி பக்கமே போகக் கூடாது" என்றார். அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "வீட்டுல யாரு கூட்டுறது?"

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாதான் சொன்னார்: "நாந்தானுங்க."

பத்து வருசமாக நான் மேடையில் பேசுகிறேன். சீமாற்றைப் பற்றியே எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். பேஷ்வாக்கள் ஆண்ட பூனாவில் தீண்டத்தகாதவர்கள் தங்கள் காலடிச் சுவட்டைத் தாங்களே அழித்துக்கொண்டு போவதற்காக இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது என்று பாபாசாகேப் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் எழுதியதை எடுத்துச் சொல்வேன். கூட்டம் அமைதியாகிவிடும். இந்தி எழுத்தாளர் ஓம்பிரகாஷ் வால்மீகியைப் பள்ளித் தலைமையாசிரியர் பாடத்துக்கு விடாமல் மைதானத்தைக் கூட்ட விட்டது, அதை அவர் 1997இல் 'ஜூட்டன்' தன்வரலாற்றில் எழுதியது, எல்லாம் சொல்வேன். என் கதையையும் சொல்வேன். நான் படித்த பள்ளியில் வகுப்பறை கூட்டுவதற்கு முறை வைத்திருந்தார்கள். முறை எல்லாருக்கும் உண்டு, ஆனால் சுற்றிச் சுற்றி எங்கள் தெருப் பிள்ளைகள் மேலேயேதான் வந்து நிற்கும். கக்கூசுக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கு முறையே கிடையாது. அதற்கு நாங்கள் மட்டும்தான்.

இதையெல்லாம் பேசிவிட்டுக் கடைசி பஸ் பிடித்து வீட்டுக்கு வருவேன். அம்மா கூட்டி வைத்த இடத்தில் பாய் விரித்துப் படுப்பேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த நாளிலிருந்து நான் சீமாற்றைத் தொட்டதில்லை. தொடக் கூடாது என்று சபதமே எடுத்திருந்தேன். அந்தச் சபதத்தைச் சுயமரியாதை என்று நினைத்துக்கொண்டேன். நான் தொடாத சீமாற்றை எங்க அம்மா தொட்டுக்கொண்டிருந்தார் என்பது டாக்டர் கேட்கிற வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. அண்ணனும் அப்படித்தான். சாதி எங்கள் கையில் கொடுத்த சீமாற்றை நாங்கள் ஆம்பளைகள் வாங்கி எங்கள் பொம்பளைகள் கையில் கொடுத்துவிட்டோம். அம்மா நிறுத்தினால் அண்ணி. அண்ணி தார் போடுகிற நேரத்தில் பத்து வயசு அண்ணன் மகள். வரிசை தயாராகத்தான் இருந்தது.

அண்ணிதான் முதலில் மிஷின் பேச்சை எடுத்தார். அவர் தார் கொண்டு போய்க் கொடுக்கிற வீட்டில் கையில் பிடிக்கிற மிஷின் ஒன்று இருக்கிறதாம், தலையணை, கட்டில் இடுக்கு எல்லாம் உறிஞ்சுகிறதாம். "தண்ணி தெளிச்சுக் கூட்டுனா நூலு நனையுது, தெளிக்காமக் கூட்டுனா அத்தைக்கு மூச்சு வாங்குது. என்னதான் பண்றது?" என்றார். நியாயமான கேள்வி. நானும் தோழர்களிடம் விசாரித்தேன், படித்தேன். விளம்பரம் சொல்லாத விஷயங்கள் சில தெரிந்தன. நம்மைப் போன்றவர்கள் வீட்டுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, வாட் கணக்கு. எண்ணூறு வாட் என்று போட்டிருந்தால் அது மிஷின் தின்கிற கரண்டு. எவ்வளவு இழுக்கும் என்பது வேறு கணக்கு. இரண்டாவது, பேட்டரியா வயரா என்பது. பேட்டரி மிஷினைத் தூக்கிக்கொண்டு எங்கும் போகலாம், ஆனால் சின்ன மிஷின்களில் பலதும் இருபது நிமிசம் தாண்டாது. பேட்டரி செத்தால் புதுசு வாங்குகிற செலவு மிஷினில் பாதி வந்துவிடும். வயர் வைத்தது கரண்டு இருக்கிற வரைக்கும் ஓடும். மூன்றாவது, தறி வீடுகளுக்கு மட்டுமே உள்ள பிரச்சினை. முன்னால் உருண்டு சுற்றுகிற பிரஷ் வைத்த மிஷின் நமக்கு ஆகாது. நூல் துண்டு அதில் சுற்றிக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்து உட்கார வேண்டியதுதான். வெறும் வாய் இருந்தால் போதும்.

நாலாவதுதான் முக்கியம். வடிகட்டி. மிஷின் முன்பக்கம் இழுக்கிற காற்றைப் பின்பக்கம் விட்டுத்தான் ஆக வேண்டும். வடிகட்டி வெறும் துணியாக இருந்தால், கண்ணுக்குத் தெரிகிற பஞ்சைப் பிடித்து வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசியைப் பின்னால் நம் மூக்குக்கே ஊதிவிடும். நுரையீரலுக்குள் ஆழப் போவது அந்தப் பொடிதான். ஹெப்பா என்கிற வடிகட்டி இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு மைக்ரான். 0.3 மைக்ரான் அளவுத் தூசியில் 99.97 சதவீதத்தைப் பிடித்தால்தான் அதற்கு அந்தப் பெயர் கொடுக்கலாம் என்பது அமெரிக்கக் கணக்கு. பெட்டியில் பெயர் போட்டவை எல்லாம் அந்தக் கணக்குக்கு நிற்கும் என்று நம்பிவிட முடியாது. ஆனாலும் வெறும் துணிக்கு அது எவ்வளவோ மேல்.

இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டு சேலம் கிளம்பினேன். அம்மாவும் வருகிறேன் என்றார். "எனக்கு வாங்குற மிஷின நான் பாக்க வேண்டாமா?"

கடைக்காரப் பையன் என்னிடம் மட்டும்தான் பேசினான். "எண்ணூறு வாட்டுங்க சார். இது இருந்தா வேலைக்காரம்மாவே தேவையில்லீங்க சார்." தரையில் கொஞ்சம் பொடியைத் தூவி உறிஞ்சிக் காட்டினான். அம்மா எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளைப் பார்த்து வாட், வயர், வடிகட்டி என்று கேட்டு முடித்தேன். அப்போது அம்மா முன்னால் வந்தார்.

"ஏனுங்க தம்பி, நெறஞ்சு போச்சுன்னா எப்படிங்க கொட்டறது?"

என் தாளில் அந்தக் கேள்வி இல்லை. பையனும் அதுவரை கொட்டியதில்லை போலிருக்கிறது. கிண்ணத்தைத் திருகினான், வரவில்லை. இழுத்தான். படக்கென்று கழன்று, உறிஞ்சிய பொடி அத்தனையும் அவன் சட்டையில், முகத்தில். அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நாலடி தள்ளிப் போய்விட்டார். இருமல் வரவில்லை. இருபத்தெட்டு வருசப் பழக்கம்.

"இது ஆகாது. வேற காட்டச் சொல்லு" என்றார் என்னிடம், எங்கள் வீட்டுத் தெலுங்கில். எங்கள் சனங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. எம்.ஏ. தமிழ் படித்தது நான் மட்டும்தான். கடைசியில் பொத்தானை அமுக்கினால் அடிப்பக்கம் தானாகத் திறந்துகொள்கிற மிஷின் ஒன்று, கழுவிப் போடுகிற வடிகட்டி வைத்தது, அம்மாவுக்குப் பிடித்தது. விலை நான் நினைத்ததைவிடக் கூட. வாங்கினோம். நாலு நாள் படித்துவிட்டுப் போன நான் தேர்ந்தெடுத்திருந்தால் பையன் சட்டையில் கொட்டியதைத்தான் வாங்கியிருப்பேன். குப்பை எப்படிச் சேர்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அது எங்கே போகிறது, போகும்போது யார் முகத்தில் விழுகிறது என்பது அள்ளியவருக்குத்தான் தெரியும்.

இந்த மிஷினின் வரலாற்றைத் தேடியபோது ஒரு சங்கதி கிடைத்தது. 1901இல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத் என்கிற பொறியாளர் தூசி உறிஞ்சும் எந்திரத்தை முதலில் செய்து காட்டினார். அது குதிரை இழுக்கிற வண்டியளவு பெரிசு. வண்டி தெருவில் நிற்கும், குழாய்கள் மட்டும் வீட்டுக்குள் போகும். 1902இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாக் கம்பளத்தைச் சுத்தம் செய்த பெருமை அதற்கு உண்டு.

ஆனால் வீட்டில் ஒருவர் கையால் பிடித்து ஓட்டுகிற மாதிரி செய்தவர் வேறு ஆள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கேண்டன் நகரில், ஒரு பெரிய கடையைக் கூட்டித் துடைக்கிற வேலை பார்த்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர். ஆஸ்துமாக்காரர். கம்பளம் கூட்டும்போது எழும்புகிற தூசி தன் மூச்சைக் கெடுக்கிறது என்று கண்டுகொண்டார். மின்விசிறி மோட்டார் ஒன்று, சோப்புப் பெட்டி ஒன்று, தலையணை உறை ஒன்று, ஒரு துடைப்பக் கட்டை. இவற்றைச் சேர்த்துக் கட்டினார். 1908இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. கூட்டுகிறவன், தன் மூச்சுக்காகச் செய்த கருவி. அந்த உரிமையை வாங்கிப் பெரிய கம்பெனியாக வளர்த்தவர் ஹூவர் என்பவர். அதுவரை அவர் குடும்பத் தொழில் என்ன தெரியுமா? தோல் தொழில். குதிரைக்குச் சேணம், வார் செய்வது.

படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தோல் வேலையும் கூட்டுகிற வேலையும். எங்கள் சனங்கள் தலையில் கட்டிய இரண்டு வேலையும் அங்கே ஒரே மிஷினில் வந்து சேர்ந்திருக்கிறது. அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கறுப்பின மக்களுக்கு அங்கே எந்த வேலையை ஒதுக்கினார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஸ்பாங்லருக்குக் கூட்டுவது வேலை, பிறப்பு இல்லை. அதனால் வேலையை மாற்ற யோசித்தார். ஹூவர் தோல் தொட்டதற்காக அவர் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்காமல் இருந்ததில்லை. இங்கே கூட்டுகிறவர்களுக்கு மூச்சு வாங்காமல் இருந்ததா? எங்க பாட்டிக்கும் வாங்கியது. அவர் கையில் மோட்டாரும் இல்லை, அவர் சொன்னதைக் கேட்க ஆளும் இல்லை. கேட்டிருக்க வேண்டியவர்களுக்கு அந்தத் தூசி போய்ச் சேரவே இல்லை. தூசி படாதவனுக்கு மிஷின் எதற்கு?

தறியிலும் இதே கணக்குத்தான். பெரிய நூற்பாலைகளில் மிஷின்களுக்கு மேலே தண்டவாளம் போட்டு, பஞ்சை ஊதி உறிஞ்சுகிற கருவி தானாக ஓடிக்கொண்டிருக்கும். நூலில் பஞ்சு ஒட்டினால் நூல் கெட்டுவிடும் என்பதற்காக. நூலுக்குப் பார்த்தார்கள். எடப்பாடிச் சந்து பொந்துகளில் நாலு தறி, ஆறு தறி ஓடுகிற பட்டறைகளில் அதுவும் கிடையாது. பருத்தித் தூசியால் வருகிற மூச்சு நோய்க்கு பிசினோசிஸ் என்று பெயர். அது பழைய நோய். தொழில்நோய்களுக்கான நம் நாட்டுச் சட்டப் பட்டியலிலேயே ஏறிய நோய். 1978இல் அமெரிக்கா ஆலைக் காற்றில் பருத்தித் தூசி இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அளவு நிர்ணயித்தது, நெசவுப் பிரிவுக்கும் சேர்த்து.

அந்த நோய்க்கு ஒரு அடையாளம் உண்டு. விடுமுறை முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள்தான் நெஞ்சு அதிகமாக அடைக்கும். படித்தபோது எனக்குத் திக்கென்றது. அண்ணன் வருசக்கணக்காக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்: "லீவு முடிஞ்சு போற அன்னிக்கித்தான்டா நெஞ்சப் பிடிக்குது." முதலாளி அதற்கு, "உனக்கு வேலைக்கு வர மனசில்ல, அதான்" என்றாராம். நாங்களும் முந்தின நாள் குடியினால் என்று நினைத்தோம். சொன்னதை நம்பவில்லை. இப்போது அவரையும் டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறோம். என்ன என்று இன்னும் முடிவாகத் தெரியவில்லை.

மிஷின் வீட்டுக்கு வந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் அண்ணன்தான் முதலில் கையில் எடுத்தார். நாற்பது வயசு வரைக்கும் வீட்டில் ஒரு குப்பையை எடுத்துப் போடாத மனுசன், பிள்ளைகளுக்குப் போட்டியாக மின்விசிறி, கட்டில் அடி, என் புத்தக அடுக்கு என்று ஊளையிட விட்டுக்கொண்டு திரிந்தார். அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா சொன்னார்: "சீமாறுன்னா தொட மாட்டான். மோட்டாரு வெச்சா தொடுவான்."

உண்மைதான். நானும் அப்படித்தான் தொட்டேன். சீமாற்றுக்குச் சாதி இருக்கிறது, அதோடு அது பொம்பளை வேலையும் ஆகிவிட்டது. மிஷினுக்கு இன்னும் இரண்டும் ஒட்டவில்லை. ஒட்டுவதற்குள் எங்கள் கையில் பழகிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இரண்டே வாரத்தில் பார்த்தால், உறிஞ்சுவது அண்ணனும் நானும், நிறைந்ததைக் கொட்டி வடிகட்டி கழுவுவது அண்ணி. பகுமானமான வேலை எங்களுக்கு, அழுக்கு அவருக்கு. ஊரில் நடப்பது அப்படியே வீட்டில். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தானாக அப்படிப் போய் நின்றது.

ஒரு நாள் அம்மா என்னைக் கூப்பிட்டார். "கொட்டறதுதாண்டா கண்ணு வேல. ஊதறது வெளையாட்டு. இங்க வா." வாசலுக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக் கொடுத்தார். முதலில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார். காற்றுக்கு முதுகைக் காட்டி நில். கீழே பழைய பேப்பரை விரித்துத் தண்ணீர் தெளி. குத்த வைத்து உட்கார், நின்றுகொண்டு கொட்டாதே, பேப்பரை ஒட்டி வைத்துத் திற. அடங்கட்டும். அடங்கின பிறகு மடக்கிக் கட்டு. அவ்வளவையும் ஒரு மூச்சில் சொல்ல முடியவில்லை, நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். இருபத்தெட்டு வருசம் தெருவில் கற்றது. இந்தப் படிப்புக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் துறை கிடையாது. துப்புரவுப் பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று அழைக்க வேண்டும் என்று 2020இல் அரசு அறிவித்தது. அப்போது எங்கள் ஊர்க்காரர்தான் முதலமைச்சர். பெயர் மாறியது நல்லதுதான். அம்மா கையில் இருந்தது ஈக்குமாறு, அது மாறவில்லை. கையால் மலம் அள்ளுவதற்கு எதிராக 1993இல் ஒரு சட்டம் வந்தது, 2013இல் இன்னொன்று வந்தது. சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறுகிறது என்றால் இன்னும் இறக்குகிறார்கள் என்றுதானே அர்த்தம்? ஒரு வீட்டின் பஞ்சை உறிஞ்ச இத்தனை விதமான மிஷின்களைக் கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு ஊரின் குப்பைக்கு எங்கள் பெண்களின் முதுகெலும்பைத்தான் இன்னும் நம்புகிறார்கள்.

இப்போது வீட்டில் ஒரு முறை வைத்திருக்கிறோம். உறிஞ்சுகிறவர்தான் கொட்ட வேண்டும், கழுவ வேண்டும். அண்ணன் இரண்டு முறை டபாய்த்துவிட்டார், நான் ஒரு முறை. மிஷின் எட்டாத மூலை இருக்கத்தான் செய்கிறது. அங்கே சீமாறுதான். அதையும் எடுத்துக் கூட்டினேன். சபதம் போனது. கை கூசியது, பொய் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து வகுப்பறை ஞாபகம் வந்தது. ஆனால் அன்றைக்கு இன்னொருத்தர் குப்பையை நான் கூட்டினேன். இது என் குப்பை. என் குப்பையை நான் கூட்டுவதற்கும் என் சாதி ஊர்க் குப்பையைக் கூட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு எம்.ஏ. வரை படித்தும் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது.

காலையில் எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வரும். தள்ளிக்கொண்டு வருகிறவர் எனக்குப் பெரியம்மா முறை. முன்பெல்லாம் வீட்டுத் தூசியைக் கூடையோடு அவர் வண்டியில் கவிழ்ப்போம். குபீரென்று கிளம்பி அவர் முகத்தில் அடிக்கும். இப்போது நனைத்து மடித்துக் கட்டிய பொட்டலமாகக் கொடுக்கிறேன். முதல் நாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன சாமி இது, பலகாரமா?" என்றார். பஞ்சு பெரியம்மா, முகத்துல அடிக்கக் கூடாதுன்னு கட்டியிருக்கேன் என்றேன். ஒன்றும் பேசாமல் வண்டியின் ஓரமாக வைத்துக்கொண்டார்.

அடுத்த வீட்டு வாசலில் கூடையோடு நின்றிருந்தார்கள். வண்டியை அங்கே தள்ளிக்கொண்டு போனார். கூடையைக் கவிழ்த்தார்கள். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். எங்க அம்மா இருமுவது மாதிரியே இருந்தது.